கனவில் வந்த கன்றுக்குட்டிகள்

எனக்கு இரட்டைக் குழந்தை என்று வீட்டில் முடிவானபோது நாள் தள்ளிப்போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆதாரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: கல்யாணத்துக்கு முன் நான் ஒட்டிப்பிறந்த இரட்டை வாழைப்பழம் தின்றது, காலையும் மாலையும் வாந்தி, மாமியாரின் கனவில் வந்த இரண்டு கன்றுக்குட்டிகள். மூன்றாவதை அசைக்கவே முடியாது. கனவு கண்டவர் அவர்.

தேயிலைத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தூளைக் கையில் அள்ளியே ஈரம் இவ்வளவு என்று அடித்துச் சொல்கிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அவர்கள் மீட்டரில் போட்டுப் பார்ப்பதைத் தடுப்பதில்லை.

வீட்டில் தடுத்தார்கள்.

"குன்னூர் போயி ஸ்கேன் எடுத்துட்டு வந்தர்றேனுங்க அத்தை."

"அதான் ரெட்டைன்னு தெரிஞ்சு போச்சே கண்ணு. தெரிஞ்சத எதுக்கு இன்னொருக்கா பாக்கோணும்? அஞ்சாம் மாசம் போலாம்."

இரட்டை என்றால், இரண்டும் ஒரே நச்சுக்கொடியைப் பங்கு போடுகின்றனவா என்று தெரிய வேண்டும். அப்படியானால் ஒன்றுக்கு ரத்தம் கூடி மற்றது வற்றலாம், இரண்டுமே போகலாம். மூன்று மாதத்துக்குள் பார்த்தால்தான் அது தெளிவாகத் தெரியும்.

"கொடி ஒண்ணா ரெண்டான்னு கன்னுக்குட்டி சொல்லுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தியாடா, படிச்ச புள்ள பேசற பேச்ச!" என்றார் மகனிடம்.

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரோட்டுல வளைவு வேற சாஸ்தி" என்றார். அதே ரோட்டில் ஞாயிறு தவறாமல் கிரிக்கெட் ஆடப் போகிறவர்.

பன்னிரண்டாம் வாரம் லீவு போட்டு, தனியாகப் பஸ் ஏறினேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். குழந்தை இரண்டு. கொடி ஒன்று. இரண்டு குழந்தைக்கும் நடுவே நூல் போல ஒரு தடுப்பு.

"சரியான நேரத்துல வந்தீங்க. பதினாறாவது வாரத்துலருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கண்டிப்பா வரணும்" என்றார்.

வீட்டில் சொன்னதும், "நாஞ் சொன்னனா இல்லையா!" என்ற மாமியாரின் குரல் தெருவுக்கே கேட்டது. கொடியைப் பற்றிச் சொன்னேன். குரல் இறங்கியது.

"அப்ப ரெண்டும்..."

"அதப் பாக்கத்தானுங்க போகோணும்."

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரும் வருகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து, இரட்டை என்று முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று கண்டக்டரிடம் சொல்கிறார். நான் வாந்திக்குப் பையைப் பிடித்தபடி பக்கத்தில் இருக்கிறேன். ஸ்கேன் அறையில் மட்டும் அவர் வாயைத் திறப்பதில்லை. இரண்டு துடிப்பும் கேட்ட பிறகு, வெளியே வந்து, மறுபடி கன்றுக்குட்டியிலிருந்து ஆரம்பிக்கிறார்.