அத்தைக்குப் படிக்காத வரி

செல்வி, பாலு, இந்த வீட்டை உங்கள் இருவர் பேருக்கும் எழுதி இன்று பத்திர ஆபீசில் கைரேகை வைத்தேன். அந்த மையின் வாசனைதான் இதை எழுத வைக்கிறது.

நான் ஏழாவது படித்தபோது தாத்தா இறந்து, வீட்டைப் பாகம் பிரித்தார்கள். கணவனை இழந்து எங்களோடு இருந்த அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தால்தான் நம்புவாள்.

அப்பா என்னைத் தனியாக அழைத்தார். "அத்தைக்குப் படிச்சுக் காட்டுடா. கடைசி வரிய மட்டும் விட்டுடு."

அத்தை தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் வரி அது. விட்டுவிட்டுப் படித்தேன்.

"கிணத்தடி அறை எனக்குன்னு போட்டிருக்கா தம்பி?"

"போட்டிருக்கு அத்தை."

"எம் மருமவன் வக்கீலாட்டம் படிக்கிறான் பாருங்க!" என்று சிரித்து ரேகை வைத்தாள். விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

அறுவடை முடிந்ததும் அந்த அறையில் நெல்மூட்டை அடுக்கினார்கள். அத்தை காரைக்கால்மேட்டில் வாடகைக்குப் போய், அங்கேயே இறந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நீங்கள் இருவரும் உட்கார்ந்து படித்தது அந்த அறையில்தான்.

இன்று வீடு திரும்பியதும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பழைய பத்திரத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்தேன்.