கடற்கரைக் குதிரையும் என் மகளின் மேற்படிப்பும்

கால்நடை மருத்துவம் முடித்த என் மகளுக்குக் குதிரை மருத்துவத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. "பொண்ணு குதிரைக்குப் படிக்குதுன்னு வெளியில எப்படிம்மா சொல்றது? மாட்டைப் பாரு, போதும்" என்று தடுத்தவன் நான்.

சில மாதங்களில், காரைக்கால் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குதிரை வயிற்றுவலியால் விழுந்துவிட்டது. மகளோடு நானும் போனேன். அவள் வயிற்றின் இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"குடல் முறுக்கிக்கிச்சுண்ணே. ஆபரேஷன் பண்ணணும்."

"பண்ணுங்கம்மா. நீங்க டாக்டர்தானே?" என்றார் குதிரைக்காரர்.

"அதுக்குத் தனியா படிக்கணும்ண்ணே. படிச்சவங்க பக்கத்துல யாரும் இல்ல. நான் படிக்கல."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை. வலிக்கு ஊசி போட்டுவிட்டு, மூச்சு அடங்கும்வரை குதிரையின் தலைமாட்டில் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில், "இன்னும் சேர முடியுமாம்மா?" என்றேன்.

"அடுத்த வருஷம் திரும்பவும் நுழைவுத் தேர்வு எழுதணும்ப்பா."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அவள் திட்டவில்லை.