இளநீரில் உப்பு இல்லை

ஒன்பதாம் வகுப்பில் வேதியியல் நடத்தத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் என்னிடமிருந்து தப்பிய பொருள் ஒன்றுமில்லை. அடுக்களையில் கண்டதையெல்லாம் தனிமம், சேர்மம், கலவை என்று பிரித்துத் தள்ளினேன். மீன்குழம்பைக் கலவை என்று அறிவித்தபோது அம்மை அகப்பையை ஓங்கினாள். “கலவையா? நான் என்ன சிமெண்டா கொழச்சு வச்சிருக்கேன்?”

அப்பாதான் எனக்கு வாய்த்த ஒரே மாணவர். சுசீந்திரம் வழியாகப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர், இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுக் கட்டிலோடு கிடந்தார். வாரம் இருமுறை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்து வரவேண்டும். உப்பு கூடாது, நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது. டாக்டர் சொன்னவற்றில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வருடம் ஆனியிலும் மழை ஏமாற்றிவிட்டது. நான் பாடம் நடத்த நடத்த, அப்பா நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே கேட்பார். எழுந்து ஓட முடியாதவர் என்பதால் நல்ல மாணவர்.

அந்த வாரம் சாப்பாட்டு உப்பு. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும், குளோரின் ஆளைக் கொல்லும், இரண்டும் சேர்ந்துவிட்டால் ரசத்தில் போடலாம் என்றார் ஆசிரியை. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி, கிண்ணத்தில் வெள்ளையாக உப்பு படிவதையும் காட்டினார். அப்பாவின் தாகத்துக்கு எனக்கு உடனே வழி தோன்றிவிட்டது. இளநீர் உப்பும் அல்ல, தண்ணீரும் அல்லவே.

ஞாயிற்றுக்கிழமை அம்மை ஆராதனைக்குப் போனதும், வீட்டுக்குப் பின்னால் கைக்கெட்டும் உயரத்தில் காய்த்திருந்த செவ்விளநீரில் ஒன்றை வெட்டினேன். ஒரு கரண்டி எடுத்து அடுப்பில் காய்ச்சினேன். அடியில் தங்கியது பழுப்பாகக் கொஞ்சம் பாகு. நக்கிப் பார்த்தேன், தித்தித்தது. வெள்ளை உப்பு பேருக்குக்கூட இல்லை. சோதனைக்கூடத்தில் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது என்பது முதல் நாள் பாடம். அது அடுக்களைக்குப் பொருந்தாது என்று நினைத்தேன்.

“எளநில உப்பே இல்லப்பா. காய்ச்சிப் பாத்தாச்சு. நீங்க குடிக்கலாம்.”

அப்பா கட்டிலில் ஒருக்களித்து என்னைப் பார்த்தார். “நெசமாட்டா மக்கா?”

“நெசந்தாம்பா.”

“அப்போ கொண்டா.”

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இன்னொன்று வெட்டித்தருவாயா என்று கேட்டார். வெட்டிக் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு, “ரெண்டு எளநிக் கூட்டையும் தென்ன மூட்டுல குழிச்சுப் போட்ரு. அம்மைட்ட சொல்லாண்டாம்,” என்றார்.

சாயங்காலம் அப்பாவுக்குக் கைகால் துவண்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது.

டாக்டர் அம்மையிடம் பழமோ இளநீரோ கொடுத்தீர்களா என்று கேட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இப்படித்தான் ஆகும் என்றார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். தனிம அட்டவணையில் சோடியத்துக்கு நேர்கீழே இருக்கும். ஒரே குடும்பம், ஒத்த குணம். இரண்டு மதிப்பெண் கேள்வி என்று மனப்பாடம் செய்திருந்தேன். அது இளநீருக்குள்ளும் இருக்கும் என்று எங்கள் பாடத்தில் இல்லை.

நான் வாய் திறந்து சொல்வதற்குள் அம்மை தலையில் அடித்துக்கொண்டாள். “நாந்தான் கொன்னுட்டேன். நேத்து ஒரு துண்டு ஏத்தம்பழம் கேட்டாவ, மனசு கேக்காம குடுத்தேன்.” நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். பாவி, இன்றுவரை திறக்கவில்லை. அம்மை அதன்பிறகு ஏத்தம்பழத்தை வீட்டுக்குள் விட்டதில்லை. சந்தையில் அந்த வாழைக் குலைகள் தொங்கும் கடைகளைத் தாண்டும்போது இப்போதும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அப்பா என் பாடத்தை நம்பித்தான் குடித்தார் என்று பல வருடம் அழுதேன். டாக்டர் கூடாது என்று சொன்னதையெல்லாம், இளநீர் உட்பட, அவரிடமும்தான் சொல்லியிருப்பார் என்பது வெகு பிந்தித்தான் உறைத்தது. தாகமா, போதும் என்று நினைத்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியவும் போவதில்லை. அன்றைக்கு நான் தென்னை மரத்தடியில் குழி தோண்டும்போது அவர் கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் கொஞ்சம் ஆழமாட்டு” என்றார். நான் ஆழமாகத் தோண்டினேன். குடிக்கலாம் என்று நான் நிரூபித்துவிட்ட ஒன்றை எதற்காக ஒளிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.