யார் யாரோடு வந்தது

என் மனைவி கனடா நாட்டுக் குடிமகள். நான் அந்த நாட்டின் நிரந்தர வாசியாக இருந்தவன். அந்த நிரந்தரத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒரு பரீட்சை உண்டு. ஐந்தாண்டில் இரண்டாண்டாவது அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரு விலக்கும் உண்டு. குடிமகளான மனைவியுடன் சென்று வெளிநாட்டில் கூடவே வாழ்ந்தால், அந்த நாட்களும் கனடாவில் கழித்த நாட்களாகவே சேரும். நான் வருவாய்த் துறையில் சேர்ந்து திண்டுக்கல்லில் ஓய்வு பெற்றவன். சட்டத்தில் விலக்கை முதலில் படித்துவிட்டு அப்புறம் விதிக்கு வருவது தொழில் பழக்கம். ஆகவே பேத்துப்பாறை என்ற மலைக்கிராமத்தில் நான்கு மழைக்காலத்தைக் கவலையில்லாமல் கழித்தேன்.

நான் ஊர் ஏக்கத்தில் திரும்பி வந்தவன் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். மகள் பள்ளியில் படிக்கும்போது அவளையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள் என் மனைவி. நான் ஓய்வு பெற்ற பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. அலுவலகங்களில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், அது என் கையில் இருந்த எண்ணாகவே இருந்தது. ஓய்வுபெற்ற அரசு ஊழியனுக்கு இதற்குமேல் என்ன சொர்க்கம் வேண்டும்?

திரும்ப வேண்டும் என்றவள் அவள்தான். பனியில் நைட் டூட்டிக்குப் போய் வந்து சலித்துப்போயிருந்தாள்.

"ஒரு செடி வச்சா வருசம் பூரா உசுரோட இருக்கணுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"பழனியில நம்ம வீடு சும்மாதானே கெடக்கு?"

"பழனி வெயில்ல நான் கருவாடாயிருவேன். குளிரு பழகிப்போச்சு. மலைக்குத்தான் போறோம்."

போனோம். நிலத்தை அவள்தான் பார்த்தாள், அவள்தான் பேசி முடித்தாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் நிற்கிற சரிவு. ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட இந்திய வம்சாவளியினர் இங்கே விளைநிலம் வாங்க முடியாது. எனவே அவள் ஆசைப்பட்டு அவள் சேமிப்பில் வாங்கிய நிலத்துக்கு என் பெயரில் கிரயப் பத்திரம் பதிவாயிற்று. சட்டப்படி அது ஒன்றுதான் வழி. சட்டப்படி நடந்தது எதுவும் எனக்கு எதிராகத் திரும்பாது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஆண்டு அங்கேயே தங்கிவிட்ட எங்கள் ஒரே மகளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. திருமணம் ஆகாதவள், தனியாக இருக்கிறாள். ரிப்போர்ட்டைப் படித்து முடித்த மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடியும் போட்டுக்கொள்ளவில்லை. நுரையீரல் வரை போய்விட்டிருந்தது.

அவள் மறுநாளே விமானம் ஏறலாம். என் நிரந்தர வாசி அட்டையோ காலாவதியாகியிருந்தது. உள்ளே போக ஒரு பயண ஆவணம் வேண்டும், அந்த ஐந்தாண்டுக் கணக்கைப் பார்த்துத்தான் அதைத் தருவார்கள். "கீமோ ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கும்மா, ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க" என்று மகள் சொன்னாள். நான் விண்ணப்பத்தைத் தயாரித்தேன். திருமணப் பதிவுச் சான்று, அவளுடைய பாஸ்போர்ட் நகல், ஒரே முகவரியில் கேஸ் இணைப்பு, கூட்டு வங்கிக் கணக்கு என்று எதையும் விடவில்லை. மனைவியின் விருப்பத்தின் பேரில் அவளுடன் இந்தியா வந்தேன் என்று உறுதிமொழியும் எழுதினேன். அவளும் கையெழுத்திட்டாள், படிக்காமல். வங்கிப் படிவத்தை மூன்று தடவை படிக்கிறவள், புருஷன் நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைப்பவள்.

ஒரு நாள் காலையில் விசா அலுவலகத்திலிருந்து மனைவியைக் கூப்பிட்டார்கள். களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். கூட, தினக்கூலிக்கு வரும் கிராமத்துப் பெண்மணி ஒருவர். போனில் ஒரு பெண் அதிகாரி, மிகவும் பணிவாக ஆங்கிலத்தில் கேட்டார். மனைவியும் பணிவாகப் பதில் சொன்னாள். முடிந்ததும் அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா என்னமோ ஐயாவப் பத்திப் பெருமையாப் பேசுனாப்புல இருக்கே."

மனைவியிடம் திரும்பினேன். "என்ன கேட்டாங்க?"

"இந்தியா வந்தது யார் முடிவுன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ரிட்டையராயிட்டாரு, சொந்த மண்ணுல இருக்கணும்னு ஆசப்பட்டாரு, அவரு எங்கயோ அங்கதான் நானும்னு சொன்னேன்."

"எனக்கு எப்ப வந்துச்சு அந்த ஆசை?"

"பின்ன எப்படிச் சொல்றதாம்? நான் இழுத்த இழுப்புக்கு வந்தாரு, சூட்கேசத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வந்தாருன்னு யாரோ ஒருத்திகிட்டச் சொல்லவா?"

"அதத்தான் சொல்லணும். அதுக்குத்தான் போன் போட்டிருக்கா."

"வெக்கமா இருக்காது?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

புருஷனை வெளியாளிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பாள். அந்த நாட்டின் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

சில வாரங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. சில அதிகாரிகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு வாய்த்தவர் யார் யாரோடு வந்தது என்று பார்க்கிறவர். விண்ணப்பதாரர் மனைவியுடன் செல்லவில்லை, மனைவியே விண்ணப்பதாரருடன் சென்றிருக்கிறார். ஆதாரம், மனைவியின் வாக்குமூலமும் விண்ணப்பதாரர் பெயரில் உள்ள விளைநிலமும். ஏதாவது பிழை கிடைக்குமா என்று பழக்கதோஷத்தில் இரண்டு முறை படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நல்ல உத்தரவு.

மகளுக்கு சிகிச்சை தொடங்கிவிட்டது. மனைவி மதுரையிலிருந்து விமானம் ஏறினாள். மலை இறங்கும் காரில், எதிரே மலை ஏற இ-பாஸுக்காக வரிசையில் நின்ற சுற்றுலா வண்டிகளைப் பார்த்தபடி, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றாள்.

"பத்திரம் என் பேர்ல இருக்கு. நீ என்ன சொல்லியிருந்தாலும் இதான் கதி."

பாதி உண்மை. அது பாதிதான் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. மதுரை வரும்வரை என் கையை விடவில்லை.

அவள் அந்தப் பக்கம் போனதும், கூடவே வாழ்ந்த நாட்கள் என்ற கணக்கும் நின்றது. மேல்முறையீடு செய்தேன், மகளின் நோயைக் காட்டி மனிதாபிமானமும் கேட்டேன். விசாரணைக்கு எப்போது எடுப்பார்கள் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இடையில் பார்வையாளர் விசாவில் போகலாமென்றால் அதுவும் கிடையாது. மேல்முறையீடு முடியும்வரை நான் நிரந்தர வாசிதான், நிரந்தர வாசிக்குப் பார்வையாளர் விசா தர மாட்டார்கள். அவனுக்கு அது தேவையில்லையாம்.

"விட்டுக் கொடுத்திருங்கப்பா" என்றாள் மகள். வீடியோவில் பார்த்தேன், முடி எல்லாம் கொட்டியிருந்தது. "விசிட்டரா வந்தா என்ன? நான் என்ன கார்டா கேக்கப் போறேன்?"

நிரந்தர வாசி உரிமையைத் துறப்பதாகக் கையெழுத்திட்டு அனுப்பினேன். இத்தனை ஆண்டு அரசாங்கப் பழக்கத்தில் இவ்வளவு விரைவாக ஏற்கப்பட்ட மனுவை நான் பார்த்ததில்லை. உடனே பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். பார்வையாளன் ஊருக்குத் திரும்பி வருவான் என்று அவர்கள் நம்ப வேண்டும். என்னைக் கவிழ்த்த அதே கிரயப் பத்திரம் இப்போது கை கொடுக்கும் என்று கொஞ்சம் குஷியாகவே இணைத்தேன். ஓய்வூதிய ஆணை, தோட்டத்தின் புகைப்படங்கள், காட்டுமாடு மிதித்துப்போன வேலி உட்பட.

அதற்கும் மறுப்பு. மனைவியும் ஒரே மகளும் கனடாவில் இருக்கிறார்கள். சொந்த நாட்டில் நெருங்கிய உறவு யாருமில்லை. விண்ணப்பதாரர் திரும்பிச் செல்வார் என்று நம்ப முடியவில்லை. முதல் கடிதத்தின்படி நான் இந்த மலைக்காக மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்தவன். இரண்டாவது கடிதத்தின்படி இந்த மலையில் எனக்கு ஒன்றுமே இல்லை. இரண்டையும் கிளிப் போட்டு ஒன்றாக வைத்திருக்கிறேன். ஒரே அரசாங்கத்தின் வெவ்வேறு பிரிவுகள் ஒன்றோடொன்று கலந்து பேசுவதில்லை. பணியில் இருந்தபோது நானும் பேசியதில்லை.

மிச்சமிருந்தது ஒரு வழி. மனைவி என்னைப் புதிதாக ஸ்பான்சர் செய்யலாம். அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். மகளின் டாக்டர் ஓராண்டு என்ற சொல்லையே இப்போது பயன்படுத்துவதில்லை என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, படிவத்தையும் திறந்துவிட்டாள்.

நேற்று வெள்ளனே வீடியோ காலில் கூப்பிட்டாள். அங்கே மாலை. ஆஸ்பத்திரி அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, நாம சேர்ந்து வாழாத காலத்துக்குக் காரணம் எழுதணுமாம். என்னன்னு எழுத?"

பின்னால் இருமல் கேட்டது.

"அவ முழிச்சிருக்காளா?"

"முழிச்சிருக்கா. இப்பல்லாம் செத்த நேரந்தான்."

"அத மூடி வை. அவகிட்டப் போய் உக்காரு."

"இன்னும் ரெண்டு பக்கந்தான் கெடக்கு. வெரசா முடிச்சிட்டா—"

"முடிச்சாலும் நேரத்துக்கு வந்து சேராது. எனக்குத் தெரியும். போ."

விதிமுறை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு அந்த நோய் தெரியும். கணினியை மூடும் சத்தம் கேட்டது. போனை மகளிடம் கொண்டுபோனாள்.

"அப்பா" என்றாள் மகள். அடுத்த மூச்சுக்குக் கொஞ்சம் காத்திருந்தாள். "அங்க மழையா?"

"இல்லம்மா. மூடாக்கா இருக்கு, அவ்வளவுதான். அங்க?"

"பனி கொட்டுது. பாக்கிறீங்களா?"

மனைவி போனை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். கார் நிறுத்துமிடமும் அதன் விளக்குகளும் தெரிந்தன. விளக்கு வெளிச்சத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.