இடது பக்கம் சாய்ந்த தூண்டில் தாங்கி

என் மனைவியின் தம்பியைப் பற்றி நல்லவிதமாக எழுத என்னால் முடியாது. கேவலம் ஒரு பிளாஸ்டிக் பைப்புக்கா இவ்வளவு கோபம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அந்தப் பைப்பை அறுத்து வளைத்தவன் நான். அவர்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவனும் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளுக்கு மீன் பிடிக்கப் போவோம். ஆளுக்கொரு ஃப்ளோட் டியூப். காற்றடித்த சோபா மாதிரி இருக்கும். நடுவில் உட்கார்ந்து, காலில் துடுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு உதைத்தால் தண்ணீரில் பின்பக்கமாக நகரும். எங்கள் டியூபில் தூண்டிலைச் செருகி வைக்க இடம் இல்லை. மீன் இருக்குமிடம் காட்டும் சோனார் கருவியை மாட்டவும் வழியில்லை. காற்றுப் பையில் போய் ஆணி அடிக்க முடியுமா என்ன?

நான் முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் தள்ளியவன். பல்பு மாற்றக்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற ரகம். அப்படிப்பட்டவன், ராஜா அண்ணாமலைபுரம் ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து, மந்தைவெளி ஹார்டுவேர் கடையில் வாங்கிய பைப்பை ரம்பத்தால் அறுத்தேன். காஸ் அடுப்பில் காட்டி இளக்கி, தூண்டில் செருக அதன் வாயை அகட்டினேன். வீடெல்லாம் நாற்றம். மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "சமைக்கிற அடுப்புங்க அது" என்றாள். திட்டிக்கொண்டே, பைப்பைப் பொருத்த அடிப்பலகையாகத் தன் காய் நறுக்கும் பலகையையும் எடுத்துக் கொடுத்தாள். பழைய சூட்கேஸ் பெல்ட்டுகளை மயிலாப்பூரில் பை தைப்பவரிடம் கொடுத்துப் பக்கிள் வைத்துத் தைத்து வாங்கினேன். பலகையை டியூபோடு சேர்த்து இறுக்கிக் கட்டியதும் அசையாமல் நின்றது.

சோனார்தான் உயிரை வாங்கியது. அதன் முனை தண்ணீருக்குள் நேராகத் தொங்க வேண்டும். கரைக்கு வரும்போது கல்லில் இடிக்காமல் மேலே தூக்கவும் வேண்டும். பெரிய பைப்புக்குள் சின்னப் பைப்பை விட்டு, ஏற்றி இறக்குகிற மாதிரி செய்தேன். ஃப்ளாட் சம்ப்பில் இறக்கிச் சோதித்தபோது வாட்ச்மேன் ஓடி வந்தார். "இன்னா சார், குடிக்கிற தண்ணில இன்னாத்தயோ வுட்டுகினு கீறீங்க?"

ஏரியில் அது சரியாக வேலை செய்த முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், இது என் கையால் செய்தது என்று காட்ட ஒரு பொருள். நாலு பேர் அதைப் பார்த்து, இவன் செய்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதை மைத்துனனிடம் வாய்விட்டுச் சொன்னேன். "வீடியோ போடலாம் மாமா, எல்லாரும் உங்கள தேடிக்கினு வருவாங்க" என்றான். அவனுக்கும் ஒன்று செய்து தருவதாகச் சொன்னேன். அதற்குள் டெங்கு வந்து படுத்துவிட்டேன்.

உடம்பு தேறி, பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், அங்கே தூண்டில் போட வரும் ஒருவர் போனை நீட்டினார். "சார், உங்க மச்சான் சும்மா கலக்கிகினு கீறாரு, பாத்தீங்களா?"

பார்த்தேன். என் பால்கனி. என் டியூப். மஞ்சள் கறையோடு அந்தப் பலகை. நான் காய்ச்சலில் உள்ளே கிடந்தபோது எடுத்திருக்கிறார்கள். "மூணு மாசம் மண்டைய ஒடச்சிக்கினு நானே பண்ணது பிரண்ட்ஸ்" என்று ஆரம்பித்தான் மைத்துனன். நான் இடது கைக்காரன். அதனால் தாங்கியை இடது பக்கம் சாய்த்திருந்தேன். அவனுக்கு வலது கை. ஏன் சாய்ந்திருக்கிறது என்றுகூட அவன் யோசித்ததில்லை. "இந்தச் சாய்வுதான் டெக்னிக், காத்தையே கிழிக்கும்" என்று அளந்துவிட்டான். கீழே பத்துப் பேர் அதேபோல் செய்து, படம் போட்டு, அவனுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். எல்லாம் இடது பக்கம் சாய்ந்தவை. உடம்பை முறுக்கிக்கொண்டு தூண்டிலை எடுக்கட்டும், முட்டாள்கள்.

அதோடு விட்டானா? நான் முதலில் செய்த தாங்கியில் சோனார் முனை என் பக்கம் திரும்பியிருந்தது. அன்று காலை முழுக்கத் திரையில் இரண்டு பெரிய மீன்கள். எங்கே நகர்ந்தாலும் கூடவே வந்தன. கடைசியில் பார்த்தால், என் கால்கள். வெட்கத்தில் அதை அவன் ஒருவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன், வெளியே மூச்சு விடாதே என்று. இப்போது அதே வீடியோவில், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பெருசு கீது பிரண்ட்ஸ்" என்று ஆரம்பித்தான். "தன் காலையே விராலுன்னு நெனச்சி தூண்டி போட்டுகினு இருந்துச்சு."

படம் குலுங்கியது. எடுத்துக்கொண்டிருந்த ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூச்சு வாங்கி, அடக்கப் பார்த்து, மறுபடியும் பீறிட்டது. முப்பது வருஷமாக என் வீட்டில் கேட்கிற சிரிப்பு அது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவள் மறைக்கவில்லை. "வேல போய் வீட்ல உக்காந்துனு இருக்கான். அவனுக்கு ஒரு பேரு கெடைக்கட்டுமேன்னுதான்" என்றாள்.

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்குங்க, இந்த வயசுல?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

மைத்துனனைக் கூப்பிட்டு வாய் வலிக்கத் திட்டினேன். அவளிடம் அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்கத்தான் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.