தறிக்குழியில் நின்ற தூண்

இடி இடித்தால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் எனக்கு, அப்பா எதற்கும் அசராத ஆள் என்று ஒரு நினைப்பு. அவரே பயந்துபோனதை நான் பார்த்தது மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஓர் ஐப்பசி மழைக் காலையில்.

அப்பா கட்டட இன்ஜினியர். பெரிய காஞ்சிபுரத்தில் பல பள்ளிகளுக்கு, கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று வருஷா வருஷம் சான்றிதழ் கொடுப்பவர் அவர்தான். அதற்காகச் சுத்தியலும் கையுமாக மொட்டைமாடி வரை ஏறி இறங்குவார். ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும் போகமாட்டார். அது தாத்தா வீட்டு இடத்தில் என் மாமா நடத்திய பள்ளி; நான் படித்த பள்ளி. பெண் கொடுத்த வீட்டுச் சுவரை மருமகன் தட்டிப் பார்த்தால் ஊர் சிரிக்காதா? அதனால் பள்ளி திறக்குமுன் மாமாவே எங்கள் வீட்டுக்கு வருவார். கோயில் இட்லி பொட்டலம் அம்மாவுக்கு, கையெழுத்துப் போடச் சான்றிதழ் அப்பாவுக்கு.

"நீங்க பாக்காத கட்டடமா மாப்ள?" என்பார். அப்பா பார்க்காத கட்டடம் அது ஒன்றுதான்.

அன்று காலை சாப்பிடும்போது என் வகுப்பறையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என் பெஞ்சில் பென்சிலை வைத்தால் அது தானாகவே நடுத்தூண் பக்கம் உருளும். மழை தொடங்கியதிலிருந்து இன்னும் வேகமாக உருண்டது. தூணடியில் தரை பிளந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

"அங்கதான்பா தாத்தாவோட தறிக்குழி இருந்துச்சாம். தோண்டின குழி இருக்கசொல்ல இன்னொரு குழி எதுக்குன்னு, மாமா அதுலயே தூணை நிறுத்திட்டாராம்!"

நெசவு செய்கிறவர் காலை இறக்கி மிதிக்கிற குழி அது. இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. அதில் நின்ற தூண்தான் மேலே ஒரு மாடியையும், மாடியில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் தாங்கிக்கொண்டிருந்தது.

அப்பா விண்ட இட்லி அப்படியே கையில் நின்றது. வாசலில் ஸ்கூல் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"பாப்பாவுக்கு ஜுரம், வராதுன்னு சொல்லிடு," என்றார் அம்மாவிடம்.

எனக்கு ஜுரமே இல்லை. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதும் இல்லை. என்னைத் தேடி என்னவோ வருகிறது என்று நடுங்கிப்போய், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆட்டோவிலிருந்து மாமா மகள் எனக்குக் கையாட்டினாள். ஆட்டோ போய்விட்டது. அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "அந்த ஆட்டோல எங்க அண்ணன் பொண்ணும் போவுதுங்க. நம்ம பொண்ணுக்கு மட்டும்தான் ஜுரமா?"

"நான் போனா, பாக்காம கையெழுத்து போட்டது வெளிய வந்துடும். லைசென்ஸ் போயிடும்மா."

"போவட்டும்."

அப்பா எழுந்தார். என்னை விட்டுப் போகாதே என்று நான் அழுத அழுகையில், என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கு எதிரே ஜரிகைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, அங்கிருந்து நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஜன்னல் கம்பி வழியே எல்லாம் தெரிந்தது. அப்பா தூணடியில் மண்டியிட்டு ஸ்கூட்டர் சாவியைப் பிளவில் விட்டார். சாவி பிடிவரை உள்ளே போனது. எழுந்து, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். என் வகுப்புப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அதற்குள் மாடியில் தடதடவென்று ஓடுகிற சத்தம்.

"ஓடாதீங்க! மெல்லமா வாங்கப்பா, மெல்லமா!" அது அப்பாவின் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. காமாட்சி, அந்தத் தூணைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள் என்று வேண்டிக்கொண்டே நின்றேன். மூச்சு விட்டால்கூடத் தூண் சரிந்துவிடும் போலிருந்தது.

கடைசிப் பிள்ளையும் இறங்கியது. எதுவும் விழவில்லை. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "எங்க விழுந்துச்சு மாப்ள? என் மானம்தான் விழுந்துச்சு!" என்று கத்தினார். அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மாடியைப் பிறகு இடித்தார்கள். நடந்ததை அப்பாவே முனிசிபாலிட்டி ஆபீசில் போய்ச் சொன்னார், லைசென்ஸும் போயிற்று. அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று தெருவில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா, மகனை இறுக்கிப் பிடித்தபடி அப்பாவிடம் வந்தார்.

"உங்க பொண்ணை அங்க ஓரமா நிக்கவச்சிட்டு எங்க புள்ளைங்களுக்காக உள்ள ஓடனீங்களே சார்! உங்க குடும்பம் நல்லாருக்கணும்," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பா பின்வாங்கினார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரும்பிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெரியவர்கள் நன்றி சொன்னால் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. இவருக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல், அவர் சொல்ல வேண்டியதை நானே சொன்னேன்.

"பரவால்ல ஆன்ட்டி."