ஆளில்லாத நாற்காலிக்கு எழுதிய மனு

ஊர் ஊராக வேலைக்கு அலைந்ததில் என் தொலைதூரக் கல்விப் பட்டத்தில் ஒரு தாள் பாக்கி நின்றுவிட்டது. அதை எழுதும் காலக்கெடுவும் முடிந்துவிட்டது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். பட்டம் இருந்தால் ஆபீஸ் வேலை தருவதாகச் சொன்னார்கள். இன்னொரு வாய்ப்புக் கேட்டு மனு எழுதிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினேன்.

சோமனூரில் ஏறிய ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு, வளையலுக்கு மேல் ஆண்கள் கட்டும் கடிகாரம். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் உதடசைத்து வாசித்தார்: டிக்கெட், கடைப்பலகை, கடைசியில் என் மடியிலிருந்த மனு.

"ஏனுங்க, துணைவேந்தருக்கா எழுதியிருக்கீங்க?"

"பெரியவருக்கே எழுதிடலாம்னுதாங்க."

"அந்த நாற்காலியில இப்ப ஆளே இல்லீங்க. புதுசா ஒருத்தரைப் போடற வரைக்கும் உங்க காயிதமும் காத்துக் கெடக்கும். பதிவாளருக்கு எழுதுங்க. இதையெல்லாம் முடிவு பண்ற சிண்டிகேட் கூட்டத்துல மனுவை வைக்கறது அவருதான். அடுத்த வாரம் கூட்டம், இன்னிக்கே உள்ள போகோணும்."

வெள்ளைத்தாள் தந்தார். அவருடைய சாப்பாட்டுப் பைமேல் வைத்து எழுதினேன். "கோழி கிண்டுன மாதிரி இருக்குது, பரவால்லீங்க" என்று சிரித்தார்.

அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்குள் அதே அம்மா இருந்தார். என்னை முன்பின் பார்க்காதவர்போல, "என்ன விஷயமுங்க?" என்றார். முழுவதும் வாசித்து முத்திரை குத்தினார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அடுத்தவங்க வாங்க" என்றார்.

கூட்டத்தில் அனுமதி கிடைத்தது, பாக்கித் தாளை எழுதித் தேறினேன். அன்று அவர் ஏன் தெரியாதவர்போல இருந்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் வாங்கிக்கொள்ளாத நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.